கண் மஞ்சளிக்கும் வரை

தேயிலைச் செடி பேசாது. மண்ணில் மக்னீசியம் குறைந்தாலும் பொட்டாசியம் வற்றினாலும் அது வாய் திறந்து முறையிடுவதில்லை. குறை முற்றி, முதிர்ந்த இலைகள் நரம்புகளுக்கிடையே மஞ்சளிக்கத் தொடங்கும்போதுதான் மனிதக் கண்ணுக்கு அது புலனாகிறது. ஆனால் இலை மஞ்சளிக்கும் வரை தேயிலை உலகம் காத்திருப்பதில்லை. 1925இல் தோற்றம் பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. கொட்டகலையிலிருந்து சில மைல்தான். தோட்டங்களின் மண்ணும் இலையும் அங்கே பகுப்பாய்வுக்குச் செல்கின்றன. எந்தச் சத்து எவ்வளவு குறைந்திருக்கிறதென்று எண்களாக விடை வருகிறது. அந்த எண்ணைப் பார்த்து உரமிடுகிறார்கள். நல்லது. விஞ்ஞானம் இருப்பதே அதற்காகத்தான். கண்ணுக்கு எட்டாததை எட்டச் செய்வதற்குத்தான்.

செடிக்குக் கிடைத்த இந்த நியாயம் அதன் அருகே நின்று கொழுந்து கிள்ளும் மனிதருக்குக் கிடைத்திருக்கிறதா? இல்லை என்பதே நமது குற்றச்சாட்டு. அவருடைய கண் மஞ்சளிக்கும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள்: நிருவாகமும் காத்திருக்கிறது, அரசும் காத்திருக்கிறது, அவரும் வேறு வழியின்றிக் காத்திருக்கிறார். மஞ்சளித்த பிறகு அவசரம், அழுகை, அம்புலன்ஸ் வண்டி.

பித்த நாளக் கல்லைப் பற்றித்தான் சொல்கிறோம். இத்தனை நோய்கள் இருக்க இது என்ன பெரிய விஷயம் என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். ஒரு சமுதாயம் தன் உழைப்பாளரை எப்படி நடத்துகிறதென்பதை அறியப் பெரிய கொள்ளைநோயை நோக்க வேண்டியதில்லை. கொள்ளைநோய் வந்தால் துரைக்கும் அச்சம் உண்டு. மருந்து வண்டி வந்துவிடும். பிறரைத் தொற்றாத, சத்தமிடாத, ஒருவருடைய உடம்புக்குள்ளேயே கிடக்கும் நோயை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதில்தான் உண்மை வெளிப்படுகிறது.

ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தப்பையில் தங்கித் திரண்டு, வேளைக்கு வேளை பித்த நாளத்தின் வழியே சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து விழுகிறது. விழும் வாசலுக்குச் சற்று முன்னே சதையியின் குழாயும் வந்து சேர்கிறது. பித்தப்பையில் உருவாகும் கல் அங்கேயே கிடந்தால் பலருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றும் நேர்வதில்லை. அது நழுவி நாளத்துக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. பித்தப்பைக் கல்லினால் தொல்லைப்படுவோரில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை நாளத்திலும் கல்லைச் சுமப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கல் சில வேளை தானே குடலுக்குள் வழுக்கிச் சென்றுவிடும். சில வேளை வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். அப்போது பித்தநீர் தேங்கி நஞ்சாகும், சதையி வெந்து அழியும், உயிரே போகலாம். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. கல் நாளத்துக்குள் மிதந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பாதி அடைக்கும், மறுநாள் விலகும். வலி இராது, அல்லது வலி என்று சொல்லத்தக்க வலி இராது. வைத்திய நூல்கள் இதனை மௌனக் கல் என்கின்றன.

மௌனமாக இருப்பது கல்லா, நாமா?

ஏனெனில் கல் மௌனமாக இருக்கும்போதும் பலருடைய இரத்தம் பேசிக்கொண்டுதானிருக்கிறது. நாளத்தில் தடை ஏற்பட்டால் அதன் உட்சுவரிலுள்ள கலங்கள் அல்கலைன் பொஸ்பட்டேஸ், காமா ஜீ.ரீ. என்னும் இரு நொதியங்களை மிகுதியாக இரத்தத்தில் விடுகின்றன. திடீரென அடைத்தால் முதற் சில மணி நேரங்களில் ஈரற் கலங்களின் டிரான்ஸமினேஸ் நொதியங்கள் துள்ளி ஏறி, அடைப்பு விலகினால் ஓரிரு நாளில் வேகமாக இறங்குகின்றன. வெளியேற முடியாத பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் இரத்தத்தில் தேங்குகிறது. இவற்றை அளக்கக் கையிலிருந்து ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். ஈரற் பரிசோதனை என்று பொதுவாக அழைக்கப்படும் இது, இன்றைய வைத்தியத்தில் மிகச் சாதாரணமான, மலிவான பரிசோதனைகளுள் ஒன்று.

இங்கே ஓர் எண்ணை மாணவ நண்பர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் வரை பிலிருபின் இருப்பது இயல்பு. கண்ணின் வெள்ளை மஞ்சளிப்பது பிறர் பார்வைக்குத் தெரிய 2.5 அல்லது 3 மில்லிகிராமேனும் வேண்டும்; அதுவும் நல்ல பகல் வெளிச்சத்தில். 1.2க்கும் 3க்கும் இடையிலுள்ள பகுதியைக் கண் காணாது, குழாய்தான் காணும். விடியுமுன் பிரட்டுக் களத்துக்குப் புறப்பட்டு, இருட்டிய பின் லயத்துக்குத் திரும்பி, மங்கிய மின்குமிழின் மஞ்சள் ஒளியில் சோறாக்கும் பெண்ணின் கண்ணைப் பகல் வெளிச்சத்தில் உற்றுநோக்குபவர் யார்? மலையில் பகல் நேரத்திலே அவள் முகத்தைப் பார்ப்பவர் கங்காணி ஒருவர்தான். அவர் பார்ப்பதும் கண்ணையன்று, கூடையை.

கொட்டகலைச் சுற்றுவட்டத்தில் எந்தத் தோட்டத்திலேனும் கொழுந்து பறிக்கும் நாற்பத்தைந்து வயதுத் தாயொருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு பெற்றவள். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களை, அதிலும் பல பிள்ளை பெற்றவர்களை, மிகுதியாக நாடுவது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவளுக்கு நெஞ்சுக்குழியில் ஒரு பிடிப்பு. வலது தோட்பட்டைவரை இழுக்கிறது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் சுருண்டு கிடக்கிறாள். விடியும்போது வலி இல்லை. மாதத்துக்கொரு தடவை இப்படி. நாலாந் தடவை தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறாள்.

"ஐயா, நெஞ்சுக்குழியில அடைக்குதுங்க. முதுகுப் பக்கமா இழுக்குதுங்க."

"கேஸ்டிக்தாம்மா. காரத்தக் கொறச்சுக்க. வேளைக்குச் சாப்பிடு."

வெள்ளைக் குளிசை பத்து. அவ்வளவுதான்.

தோட்ட வைத்திய உதவியாளரைக் குறை கூற நாம் வரவில்லை. அவர் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் சில போத்தல் மருந்தும் தவிர வேறென்ன இருக்கிறது? நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அவர் ஒருவர். மேலும் அவர் சொல்வது பல வேளைகளில் சரியாகவே இருக்கும்; வேளைக்குச் சோறில்லாத வயிறு எரியத்தான் செய்யும். அதுதான் இதிலுள்ள கொடுமை. வறுமை ஒரு நோயைத் தருகிறது. பின்பு அந்த நோயின் பெயரையே போர்வையாக்கி மற்ற நோய்களையெல்லாம் மூடிவிடுகிறது. மலைநாட்டில் "கேஸ்டிக்" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள் புதையுண்டு கிடக்கின்றனவோ!

இனி அவள் ஒரு நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலில் விழுகிறாள். காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, கண்ணில் மஞ்சள். இம்மூன்றும் சேர்ந்து வந்தால் பித்த நாளம் சீழ்பிடித்துவிட்டதென்று பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ 1877இலேயே எழுதிவைத்தார். லயத்திலோ அது வெறும் மஞ்சட்காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்கள், பத்தியம் வைக்கிறார்கள், சிலர் மந்திரிக்கவும் செய்கிறார்கள். கீழாநெல்லி மீது நமக்குப் பகையில்லை. ஆயின் நாளத்தில் இறுகிய கல்லை எந்தப் பச்சிலையும் கரைக்காது. படித்தவர்களும் இங்கே தவறுவதுண்டு. கல் திடீரென அடைத்த நாளில் டிரான்ஸமினேஸ் அளவு நூற்றுக்கணக்கில் ஏறி நிற்கும். அந்த ஒரு தாளை மட்டும் பார்த்துவிட்டு, "இது செங்கண்மாரி, வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுத்தால் போய்விடும்" என்று திருப்பியனுப்பினால், இரண்டு நாளில் எண் இறங்கும், எல்லோரும் மகிழ்வார்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நண்பர்களே, இதற்கு நேரெதிரான இன்னொரு வியாபாரமும் நம் கண்முன்னே நடக்கிறது. நகரங்களில் தனியார் ஆய்வுகூடங்கள் "முழு உடற் பரிசோதனை" என்று பட்டியல் ஒட்டியிருக்கின்றன. பணமுள்ளவர் நோயில்லாமலே போய் இருபது முப்பது பரிசோதனைகளைப் பொட்டலமாக வாங்கி வருகிறார். அதில் ஈரற் பரிசோதனையும் உண்டு. அதைக் கண்டு, "தொழிலாளர் எல்லோருக்கும் இதைச் செய்துவிட்டால் போதுமே" என்று நல்ல மனமுடைய சிலர் பேசுகிறார்கள். முகாம் நடத்துவோம், ஒரே நாளில் ஐந்நூறு பேரிடம் இரத்தம் எடுப்போம், படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவோம் என்கிறார்கள்.

அவர்களுக்கு நமது பதில்: வேண்டாம்.

இந்தப் பரிசோதனையின் பலமும் பலவீனமும் எதுவென்று அறிந்தே அதைக் கேட்க வேண்டும். பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்கு வந்த ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரிடம் செய்த ஓர் ஆய்வு 2008இல் வெளியாயிற்று. ஈரற் பரிசோதனை முற்றும் இயல்பாக இருந்தவர்களில் நூற்றுக்கு 97க்கும் மேற்பட்டவர்களுக்கு நாளத்தில் கல் இல்லை. ஆனால் ஏதேனும் ஓர் எண் மட்டும் மிகுந்திருந்தவர்களில் உண்மையாகவே கல் இருந்தது நூற்றுக்குப் 15 பேருக்குத்தான். அதாவது, "கல் இல்லை" என்று சொல்வதில் இப்பரிசோதனை நல்ல சாட்சி. "கல் உண்டு" என்று சொல்வதில் தடுமாறும் சாட்சி. ஈரலிற் கொழுப்புப் படிந்தாலும் எண் ஏறும், மது ஏற்றும், சில மருந்துகளும் ஏற்றும். நோய்க்குறி ஏதுமில்லாத ஐந்நூறு பேரிடம் இரத்தம் எடுத்தால் ஐம்பது பேரை வீணே அச்சுறுத்தலாம். அந்த ஐம்பது பேரையும் கண்டிக்கும் கொழும்புக்கும் அலைக்கழிக்கலாம். முகாம் நடத்தியவர் படத்தோடு போய்விடுவார்.

ஆகவே யாரிடம், எப்போது என்பதே கேள்வி. பித்தப்பையில் கல் இருப்பதாக ஏற்கெனவே ஸ்கான் காட்டியவர், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ வலி விட்டுவிட்டு வருபவர், பித்தப்பையை எடுத்த பின்னும் பழைய வலி திரும்பியவர், காரணந் தெரியாத குளிர்க்காய்ச்சல் திரும்பத் திரும்ப வருபவர் ஆகியோருக்கு இது ஆடம்பரமன்று, முதற்படி. வலி வந்த ஓரிரு நாளுக்குள் எடுக்க வேண்டும். மிதக்கும் கல் இரத்தத்தில் எழுதிய எழுத்தை ஒரு வாரத்தில் தானே அழித்துவிடக்கூடும். முதல் எடுப்பில் ஐயம் எழுந்தால் மறுபடியும் எடுத்து, இரண்டு தாளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

"ஸ்கான் இருக்கும்போது இரத்தம் எதற்கு?" என்பாரும் உண்டு. பித்தப்பையில் உள்ள கல்லைக் காட்டுவதில் ஸ்கான் கெட்டிக்காரக் கருவிதான். ஆனால் நாளத்தின் கீழ்முனையைக் குடலின் காற்று மறைத்துவிடுகிறது. 2015இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வின்படி, பித்த நாளக் கல் உள்ளவர்களில் நூற்றுக்கு 73 பேரைத்தான் ஸ்கான் காட்டிக்கொடுத்தது. அத்தொகுப்பில் இரத்தப் பரிசோதனைகளை அளந்த ஆய்வில், அல்கலைன் பொஸ்பட்டேஸ் 125 அலகைத் தாண்டியதை எல்லையாகக் கொண்டபோது நூற்றுக்கு 92 பேர் அகப்பட்டார்கள். ஆனால் கல் இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவர் வீணே சந்தேகத்துக்குள்ளானார். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. ஒன்று மிகைப்படச் சொன்னதை மற்றது திருத்துகிறது. அமெரிக்க அகநோக்கு வைத்தியர் சங்கம் 2019இல் வகுத்த நெறியும் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது: பிலிருபின் 4 மில்லிகிராமைத் தாண்டி, நாளமும் விரிந்திருந்தால் கல் இருப்பது பெரும்பாலும் உறுதி; நொதியம் மட்டும் ஏறியிருந்தால் இன்னொரு நுட்பமான படம் எடுத்து உறுதிசெய்த பிறகே மேலே போக வேண்டும்.

வலியில்லாத கல்லைத் தேடிப் பிடித்து எடுப்பானேன் என்ற வாதமும் அற்பமானதன்று. வாய்வழியே குழாய் செலுத்தி நாளத்தின் வாசலைக் கீறிக் கல்லை எடுக்கும் முறை 1974இல் ஜேர்மனியிலும் ஜப்பானிலும் ஏறத்தாழ ஒரே வேளையில் பிறந்தது. வயிற்றைக் கிழிக்காமல் எத்தனையோ உயிர்களை அது காத்திருக்கிறது. ஆனால் அதுவே சிலருக்குச் சதையியைப் புண்ணாக்கிவிடுகிறது. மௌனக் கல் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகமென்று ஜப்பானிய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். மறுபுறம், 2014இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, சத்திரசிகிச்சையின்போது தெரியவந்த கல்லை அப்படியே விட்டுவைத்தவர்களில் நால்வருக்கு ஒருவர் பின்னர் துன்பப்பட்டார் என்றும், கல்லை அகற்ற முயன்றவர்களில் எண்மருக்கு ஒருவரே அவ்வாறு துன்பப்பட்டார் என்றும் கணக்குக் காட்டியது. ஆக, எடுப்பதா விடுவதா என்பது வயதையும் உடல்நிலையையும் பார்த்து, நோயாளியோடு பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம். அப்படி முடிவெடுக்கும் உரிமை, கல் இருப்பதை அறிந்தவருக்குத்தான் உண்டு. அறியாதவருக்காக அவருடைய ஏழ்மை முடிவெடுத்துவிடுகிறது.

மலைநாட்டுத் தொழிலாளியின் உடம்பில் மறைந்துள்ள நோயைப் பரிசோதனையால் கண்டுபிடிப்பது நடக்காத காரியமா? நூறாண்டுக்கு முன்பே நடந்த காரியம். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். ஆட்களைக் கணக்கெடுத்தார்கள், மலத்தை வாங்கி நுணுக்குக்காட்டியில் வைத்து முட்டை தேடினார்கள், நோயாளி என்று தன்னைத் தானே நினையாதவருக்கும் மருந்து புகட்டினார்கள். துரைமார் நெஞ்சம் கருணையால் உருகிவிட்டதா? இல்லை. புழு உறிஞ்சிய இரத்தத்தின் குறைவு கூடையின் நிறையில் தெரிந்தது. உழைப்பின் அளவு கூடுமென்பதே தோட்டக்காரரைச் சம்மதிக்கவைத்த நியாயம். மருந்தோடு நில்லாமல் மலகூடம் கட்டுங்கள் என்றபோது அந்தச் சம்மதம் சுருங்கியதையும் வரலாறு குறித்துவைத்திருக்கிறது.

பித்த நாளக் கல் கூடையின் நிறையைக் குறைப்பதில்லை, அவள் விழும் நாள் வரை. ஆகவே அதற்கு நுணுக்குக்காட்டியும் இல்லை, குழாயும் இல்லை.

தோட்ட வைத்தியத்தின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குத்தான். கோப்பிக் காலத்திலே, 1872இல், வைத்தியத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. தொழிலாளியின் உடம்பு தோட்டத்தின் பொறுப்பாயிற்று. அதாவது தோட்டத்தின் சொத்துக்களுள் ஒன்றாயிற்று. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீங்கி இலவச வைத்தியம் நாட்டின் பெருமையாக மலர்ந்தபோது, லயங்களின் வைத்தியம் துரையின் டிஸ்பென்சரியிலேயே தங்கிவிட்டது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் கையேற்கும் வேலை தொண்ணூறுகளில் தொடங்கியது. அது இன்னும் முடிந்தபாடில்லை. 2003இல் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. வாக்குச்சீட்டில் சமமானோம். வைத்தியசாலையின் வரிசையில்?

கட்டடங்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. இந்திய உதவியில் எழுந்த டிக்கோயா வைத்தியசாலை, 150 கட்டில்களுடன், 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. கொட்டகலையிலும் அரசாங்க வைத்தியசாலை உண்டு. ஆனால் கட்டடத்தைத் திறக்க நாடா உண்டு, கத்தரிக்கோல் உண்டு, மாலை உண்டு. ஆய்வுகூடத்துக்கு இரசாயனம் வாங்கிய நாளில் நாடா வெட்டிய அமைச்சரை எவரேனும் கண்டதுண்டா? 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே மருந்துத் தட்டுப்பாட்டினால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். நாடு தள்ளாடும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய சிறு பரிசோதனைகள்தாம். "வெளியே செய்துகொண்டு வாருங்கள்" என்று ஒரு துண்டுத் தாள் கைக்கு வரும். "வெளியே" என்பது காசு.

காசு என்றால் பரிசோதனைக் கட்டணம் மாத்திரமன்று. 2021இல் நீண்ட போராட்டத்தின் பின்னர் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் ஏறியது. அதுவும் மலைக்கு வந்த நாளுக்குத்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் பேரே இல்லை. இரத்தம் கொடுக்க ஒரு நாள், முடிவை வாங்க ஒரு நாள், அதை வைத்தியரிடம் காட்ட ஒரு நாள், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்குப் போய்வர இன்னொரு நாள். மலிவான பரிசோதனை என்று மேலே எழுதினோமே, அதன் விலை நாலு பேர். மலைநாட்டார் மொழியில் இது சிலேடையன்று, நாலு நாட்சம்பளம்.

முடிவுத் தாள் கைக்கு வந்தபின்னும் இரண்டு தடைகள். தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்கம் பல இடங்களிற் சிங்களத்தில் கிடைக்கிறது. நோயாளி தமிழில் நோகிறாள். இரண்டாவது தடை இன்னும் கொடியது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. காமா ஜீ.ரீ. ஏறியிருந்தால், "தோட்டத்து ஆள்தானே, குடியாக இருக்கும்" என்று முடிவுகட்டும் கண்ணைத்தான் அப்பழமொழிக்கு உதாரணமாகக் காட்ட வேண்டும். மது அந்த நொதியத்தை ஏற்றும் என்பது மெய்தான். ஆனால் அல்கலைன் பொஸ்பட்டேஸும் கூடவே ஏறியிருந்தால் பித்த நாளத்தை நோக்கித்தான் விரல் நீட்ட வேண்டும். பக்கத்து எண்ணைப் படிக்குமுன்னே வர்க்கத்தைப் படித்துவிடுகிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது முகாமன்று, கருணையன்று. மேற்சொன்ன அறிகுறி உள்ளவருக்கு, வலி வந்த நாளிலேயே, அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் காசின்றி ஈரற் பரிசோதனை. அதற்காகப் போகும் நாளைப் பேர் போட்ட நாளாகத் தோட்டம் கொள்ள வேண்டும். முடிவின் பிரதியொன்று நோயாளியின் கையில், தமிழில் ஒரு வரி விளக்கத்தோடு. எண் கெட்டிருந்தால், கண்டியிலோ கொழும்பிலோ உள்ள பெரிய வைத்தியசாலையில் எந்தத் திகதிக்கு வரவேண்டுமென்பதை இங்கிருந்தே நிச்சயித்துக் கொடுத்தல். தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்திலும் சம்பளச் சபையிலும் ரூபாவைப் பற்றிப் பேசும் வேளையில் இதையும் மேசைமீது வைக்கட்டும். வைக்கவில்லையெனில், ஏன் வைக்கவில்லை என்று சந்தா கொடுப்பவர்கள் கேட்கட்டும்.

கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே பயில்வோரில் பலர் லயக் காம்பராவிலிருந்து வந்தவர்கள். அவர்களை நாம் வைத்தியராகும்படி கேட்கவில்லை. வீட்டிலோ அயலிலோ ஒருத்தியின் முடிவுத் தாளை வாங்கிப் படியுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஐந்து எண்கள், பக்கத்திலேயே இயல்பளவும் அச்சிட்டிருக்கும். எது ஏறியது, போன தடவை எவ்வளவு, வலி வந்து எத்தனை நாளில் எடுத்தது என்று ஒரு பழைய கொப்பியில் குறித்துக் கொடுத்துவிட்டால், வைத்தியருக்கு முன்னால் அந்தத் தாய் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

"தோட்டந்தோறும் ஆய்வுகூடம் வைக்க முடியுமா?" என்பது நிருவாகத்தாரின் கடைசிக் கேள்வி. வேண்டியதில்லை. நோயாளி பயணஞ் செய்யாமல் குழாய் பயணஞ் செய்யலாம். கொழுந்து மலையில் நிறுக்கப்படுகிறது. வாடிக் கருகுமுன் லொறியேறித் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. பின்பு தேயிலைத்தூளின் மாதிரி ஏலத்துக்கு முன்னே கொழும்பில் சுவைபார்ப்போரின் மேசைக்கும் போகிறது. இத்தனை மாதிரிகளைக் குறித்த வேளைக்கு, கெடாமல், கலந்துவிடாமல் கொண்டு சேர்க்கத் தெரிந்த தோட்டங்களுக்கு ஒரு குழாய் இரத்தத்தைக் கொட்டகலைக்கோ டிக்கோயாவுக்கோ சேர்க்கத் தெரியாதா? கவனிக்க வேண்டியவை சிலவே. மேடுபள்ளப் பாதையில் குலுங்கினால் இரத்தக் கலங்கள் உடைந்து டிரான்ஸமினேஸ் எண் பொய்யாக ஏறும். ஆதலால் முதலிலேயே சுழற்றித் தெளிநீரைப் பிரித்துவிடுவது நல்லது. பிலிருபின் வெயிலிற் சிதைந்துவிடும். யன்னலோரத்தில் வைத்த குழாய், கல் அடைத்தவளையும் சுகதேகி என்று சொல்லிவிடும். ஆதலால் கறுப்புத் தாள் சுற்றிக் குளிர்ந்த பெட்டியில் அனுப்ப வேண்டும். குழாயின் மேல் செக்ரோல் இலக்கத்தோடு நிறுத்திவிடாமல் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும், டிவிசனையும் எழுத வேண்டும். ஒரே டிவிசனில் லெட்சுமிகள் பலர் இருப்பார்கள்.